வரிசையின் கடைசி ஆள்

"ஏனுங்க, வவுறு செரியா இருக்குதுங்களா?"

வழியோரம் யார் உட்கார்ந்தாலும் செங்கோட்டையன் கேட்கும் முதல் கேள்வி இதுதான். முள் பிடுங்க உட்கார்ந்தவரிடமும் இதையே கேட்பார். சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். அவர் எதையும் கண்டுகொள்ளாமல் குனிந்து அவர்கள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பார். சில்லிட்டிருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்வார். மடியில் ஓமமும் உப்பும் முடிந்து வைத்திருப்பார்.

கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து, பங்குனி உத்திரத்துக்குப் பழனி போய்ச் சேரும் காவடிக் கூட்டத்தில் அவர்தான் எப்போதும் கடைசி. கோபிப் பக்கத்தில் வாழை வைத்திருக்கும் குடியானவர். வயது ஐம்பது இருக்கும். பாட்டுக்கு வாய் திறக்க மாட்டார். கூட்டத்தில் ஒருவர் பிள்ளை வரத்துக்காக நடப்பார், இன்னொருவர் கோர்ட்டு வழக்குக்காக, வேறொருவர் பிழைத்தெழுந்த காளைக்காக. "நீங்க எதுக்குங்க?" என்று கேட்டால், "நடக்கோணுமுங்க, அவ்வளவுதான்" என்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன் அண்ணன் ஐயாசாமியும் அவரும் சேர்ந்து காவடி எடுத்தார்கள். தாராபுரம் தாண்டியதும் அண்ணனுக்கு வாந்திபேதி கண்டது. கூட்டம் மிரண்டுபோய் அவரை ஒரு கல்மண்டபத்தில் கிடத்திவிட்டு நடையைக் கட்டியது. செங்கோட்டையனும் கூடவே போய்விட்டார். பழனியில் தீர்த்தம் செலுத்திவிட்டு ஓடிவந்தபோது மண்டபம் காலியாக இருந்தது; யாரிடமும் விசாரிக்கத் துணியாமல் திரும்பிவிட்டார்.

ஊர் திரும்பியதும் அண்ணன் மனைவி முத்தாத்தாளிடம், "என்ர மடியிலதான் உசுரு போச்சுங்க, நங்கையா" என்றார். அவள் வருஷா வருஷம் கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னாருங்க?" அவரும் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சேர்த்துச் சொன்னார். "புள்ளைகளப் பாத்துக்கச் சொன்னாருங்க. உங்கள அழக் கூடாதுன்னாருங்க. வலியே தெரியாமப் போனாருங்க."

இந்த வருஷம் மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு முத்தாத்தாளும் கிளம்பிவிட்டாள். "நானும் வாரேனுங் கொழுந்தனாரே. அந்த எடத்த ஒருக்காப் பாத்துப்போட்டு வந்தர்றேன்."

வழியெல்லாம் செங்கோட்டையன் உண்மையைச் சொல்லிவிடப் பார்த்தார். வாய் வரவில்லை. மண்டபத்தருகே தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்த பங்காரம்மா மோர் ஊற்றினாள். முத்தாத்தாள் அவளிடமே விசாரித்துவிட்டாள்.

"அந்தக் கோபிக்காரருங்களா? ஆருமில்லாமத்தான் கெடந்தாரு, அம்மணி. ரண்டு நாளு. 'தம்பி வந்துருவான், தம்பி வந்துருவான்'னே சொல்லிட்டிருந்தாரு. அப்பறம் என்ர ஊட்டுக்காரருதான் அந்த வேப்பமரத்தடியில பொதைச்சாரு. அவுங்களுக்குச் சொந்தமுங்களா நீங்க?"

முத்தாத்தாள் மோரைக் கீழே வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். ஆடுகள் மேய்ந்து மொட்டையாய்க் கிடந்த தரை அது. மேடு என்றுகூட ஒன்றுமில்லை. உள்ளங்கையால் அந்த மண்ணைத் தடவிக்கொண்டேயிருந்தாள்.

கூட்டத்தின் மேளச் சத்தம் தேய்ந்து மறைந்தது. செங்கோட்டையன் பத்தடி தள்ளி வெயிலில் நின்றார்.

"நீங்க போங்க" என்றாள் அவள், தலை நிமிராமல். "சாமிக்கு நேரமாச்சு."

"நான் போகலீங்க."

மரத்தின் நிழல் சுருங்கிவந்தபோது அவரே பேசினார். "என்ர வேட்டியப் புடிச்சிருந்தாருங்க, நங்கையா. கெட்டியாப் புடிச்சிருந்தாரு. ஒவ்வொரு வெரலா நாந்தான் பிரிச்சுட்டுப் போனனுங்க."

நின்ற இடத்திலேயே, சுடுமண்ணில், குந்திவிட்டார்.

முத்தாத்தாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சி வெயிலில் மரத்தடி நிழல் ஒரு பாய் அகலம்தான் இருந்தது. சேலையை ஒதுக்கிக்கொண்டு, அதில் ஓரமாக நகர்ந்து, பாதி நிழலைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள்.