சவரிமுத்து அண்ணன் உப்பில் போட்டுவிட்டுப் போன கறி

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாளே அடக்கம்.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை... இன்று ஈஸ்டர். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அஞ்சலிப் பதிவில் ஏப்பம் விடுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலம் செராமிக் டவுனில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற யூனிட் ஒன்றில் அவரும் நானும் பழனியும் ஒன்றாக வேலை பார்த்தோம். அதற்கு முன்னால் அண்ணன் குவைத்தில் ஒரு கேம்பில் குக். அங்கே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்காகக் கற்றுக்கொண்டதுதான் கார்ன்டு பீஃப். மாட்டுக்கறியை ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து முட்டைகோஸோடு வேகவைப்பது.

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு அவர் வீட்டில் எங்களுக்கு இதுதான் விருந்து.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் குருத்து ஞாயிறு பூசை முடிந்து வரும்போதே கறி வாங்கிவிடுவார். சூளையில் வாய் கோணிப்போன செகண்ட்ஸ் ஜாடி ஒன்று வைத்திருந்தார். அதில் கறி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, மிளகு, பட்டை. கறி மிதக்காமல் இருக்க மேலே ஃபியூஸ் கட்டைகளைக் கழுவி அடுக்குவார். எங்கள் யூனிட் சரக்குக்கு இப்படியும் ஒரு யூஸ்!

ஜாடி உள்ளே நுழைய ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் கழற்ற வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பால் பாக்கெட்டுக்கு இடமில்லை. அவர் மனைவி லூர்து அண்ணி சும்மா விடமாட்டார்.

“ஆண்டவரு பாடுபடுற வாரத்துல ஊரே கஞ்சி குடிக்குது. இந்த மனுசன் மாட்டை ஊறப் போட்டுட்டு நிக்குறாரு.”

“நான் எங்கடி தின்னேன்? அதுவும் என்னோட சேர்ந்து தவம் இருக்குது.”

முதல் முறை தட்டில் வைத்தபோது எனக்குப் பகீர் என்றது. சாயம் போன லுங்கி நிறத்தில் கறி. பக்கத்தில் வெளுத்துப்போன கோஸ். மசாலா இல்லை, ஒரு பொட்டு சிவப்பு இல்லை.

“அண்ணே... கொழம்பு?”

“யோவ், இதாய்யா சாப்பாடே.”

“இல்லண்ணே, ஆஸ்பத்திரியில குடுக்குற மாரி இருக்குது...”

“ஒரு வாய் தின்னுட்டுப் பேசு.”

தின்றேன். அதற்கப்புறம் பேசவில்லை. அண்ணி குண்டானைத் தூக்கி உள்ளே வைத்த பிறகுதான் நிமிர்ந்தேன். என் மகள் இன்னும் கேட்பாள், “அப்பா, நீ ஈஸ்டருக்குப் போறியா, கோஸுக்குப் போறியா?” என்று.

ஒரு வருஷம் கறி வெந்த முதல் தண்ணீரைக் கொட்ட மறந்துவிட்டார். கொட்டினால்தான் உப்பு இறங்கும். வாயில் வைக்க முடியவில்லை. ஆசையாகப் போடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? நானும் பழனியும் தலையை ஆட்டி ஆட்டித் தின்றோம்.

“இன்னும் வெக்கட்டா?”

“வைங்கண்ணே...”

கடைசியில் அவர் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். “ஏன்யா, நாக்கு இருக்குதா, இல்ல அதையும் சூளையில வெச்சு சுட்டுட்டீங்களா?”

அன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் காலி.

இந்த வருஷமும் ஞாயிற்றுக்கிழமை ஊறப் போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

கல்லறையில் நிற்கும்போது அழுகையோடு அழுகையாக எனக்கு அந்த ஜாடி நினைப்பு. அடச்சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் பழனி மெதுவாக, “அது... ஊறிக்கிட்டுதான இருக்கும்?” என்றான். அப்போதுதான் எனக்கு நிம்மதி. கேவலமானவன் நான் மட்டும் இல்லை.

நேற்று அண்ணி போன் செய்தார். அவருக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை என்று அண்ணனின் அக்கா எங்களிடம் சொல்லியிருந்தார்.

“தம்பி, அந்தக் கறியக் கொட்டச் சொல்றாங்க அவுங்க அக்கா. எனக்கு மனசு வரல. வேக வைக்கவும் தெரியாது... என்னை அது கிட்ட எங்க வுட்டாரு? நீங்க ரெண்டு பேரும் வந்து எதுனா பண்ணுங்க.”

தின்ன மட்டுமே தெரிந்த இரண்டு பேர். கெடுத்துவிட்டால் மறுபடி ஊறப்போட ஆள் இல்லை. அதைவிட, அண்ணி சாப்பிட வேண்டும்.

காலையில் போனதுமே அடுப்படியில் சண்டை.

“ஒரு வாட்டி தண்ணிய மாத்துனா போதும்” என்றான் பழனி.

“அந்த வருசம் பட்டது மறந்துபோச்சா? ரெண்டு வாட்டி கொட்டு!”

அக்கா எட்டிப் பார்த்து, “சாவு வூட்டுல இன்னாடா கூத்து இது?” என்றார். இரண்டு வாட்டி கொட்டினோம். பயத்தில் இன்னொரு வாட்டியும் கொட்டினோம். கோஸை நான் அவசரப்பட்டு முன்னாலேயே போட்டு அது வேறு குழைந்துவிட்டது.

அண்ணி தட்டில் ஒரு துண்டு வைத்தோம். ரிசல்ட் பார்க்க வந்த பையன்கள் மாதிரி இரண்டு பேரும் நின்றோம். பத்தாவது ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி நின்றதில்லை, முடிவு முன்கூட்டியே தெரியும்.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

“இன்னாண்ணி... உப்பு?”

“உப்பே இல்ல.”

எனக்கு உயிரே போய்விட்டது.

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு வாரம் உப்புலயே கெடந்த கறிய உப்பில்லாம ஆக்க உங்களாலதான்யா முடியும்...” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பழனி உப்பு டப்பாவை எடுத்து வந்தான். அண்ணி தூவிக்கொண்டு அந்தத் துண்டை முடித்தார். பிறகு தட்டை நீட்டினார்.

“இன்னொன்னு வைங்க. கோஸும் போடுங்க.”

அண்ணே... அண்ணி சாப்பிட்டாங்க. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க.