குன்றக்குடியில் வாங்கிய சத்தியம்

அப்பாவுக்குக் கண்ணில் கோளாறு என்றுதான் எங்கள் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா கிளப்பிவிட்ட கதை அது. மதுரை ஆஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் என்று வெளியே தெரிந்தால் காரைக்குடியில் எவன் எங்களுக்குத் தச்சு வேலை கொடுப்பான் என்று பயந்துபோய், ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் அப்பா அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். திருப்பத்தூர் தாண்டியதும் கழற்றி அம்மா மடியில் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கூடப் போவேன். எனக்கு ஏழு வயது இருக்கும். ஜன்னலோரம் கிடைத்தால் போதும், வேறு கவலை கிடையாது.

கண் நன்றாகத்தான் இருந்தது. முந்தின வருஷம் அரியக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் அப்பா கயிறு பிடித்து உத்திரம் ஏற்றும்போது அது கீழே விழுந்து, அங்கே நின்றிருந்த என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அந்த இடத்திலேயே போய்விட்டார். கயிறு அறுந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பா கூரைக்கு அடியில் படுப்பதில்லை. உளியைத் தொடுவதில்லை. கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் போதும், உடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டும். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று பெரியப்பா ஏசினாலும் பதில் வராது.

மதுரை டாக்டர் மாத்திரையைக் கொஞ்சமாகவும் பேச்சை நிறையவும் கொடுப்பவர். அம்மாவிடம் ஒரு நாள் சொன்னார்: "வீட்டுல அவர் என்னைக்காவது வாய் திறந்தா தடுக்காதீங்கம்மா. அழுதா அழட்டும். அதுக்காகத்தான் நாம காத்துக்கிட்டிருக்கோம்."

அது ஒரு மத்தியானம், சாப்பிடும்போது நடந்தது. அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "கயிறு அறுந்துபோகலை. கை எரிஞ்சுச்சு, நான்தேன் விட்டுட்டேன்" என்றார். பிறகு வாய்விட்டு அழுதார். ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் தட்டை விட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும், "சொல்லுங்க. இன்னும் என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றாள்.

பெரியப்பா விட்டால்தானே. "சும்மா கெடந்தவனைப் பெனாத்த வச்சுட்டான் அந்த டாக்டரு. இது ஒன் பொறந்த வீட்டுக்குத் தெரிஞ்சா ரெண்டு குடும்பமும் வெட்டிக்கிட்டுச் சாகும். இனிமே மதுரையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்."

"பேசுனாத்தேன் கொணமாகும்னு டாக்டர் சொல்லியிருக்காக" என்றாள் அம்மா. எடுபடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் குன்றக்குடிக்குப் போனோம். முருகன் சன்னதியில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்கவைத்து, அந்தச் சாவைப் பற்றி இனி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று அப்பாவிடம் பெரியப்பா சத்தியம் வாங்கினார். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை எங்கள் ஆட்கள் மீற மாட்டார்கள். அப்பாவும் சாகிறவரை மீறவில்லை. கூரைக்கு அடியில் படுக்கவும் இல்லை. பெரியப்பா கெட்டவர் இல்லை. தன் தம்பி பிழைத்துவிட்டான் என்று அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அப்பா இனி அழ மாட்டார் என்று எனக்கும் ஒரே சந்தோஷம்.

மலையிறங்கும்போது பெரியப்பா வேகமாக முன்னால் போய்விட்டார். அம்மா அப்பாவை ஒட்டி வந்து, "எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லுங்க. என் தம்பி கடைசியா ஏதாச்சும் பேசுனானா?" என்று கேட்டாள்.

அப்பா நின்றார். உதடு அசைந்தது. பிறகு கரி படிந்த உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். அம்மா இன்னொரு தடவை கேட்டாள். அவர் இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

பேசினவர் தோற்றுப்போகிற விளையாட்டு ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் உண்டு. அதைத்தான் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, நானும் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கினேன். திரும்பிப் பார்த்தால், அம்மா விளையாட்டில் சேராமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.