உட்கார்ந்தே பிழைத்தவர்

எங்கள் சீனியர் காட்டில் தொலைந்து போனபோது ஊரே உச்சுக் கொட்டியது. அவர் உயிரோடு திரும்பி வந்ததைத்தான் ஊரால் மன்னிக்க முடியவில்லை.

அவரும் நானும் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரே கம்பெனியில் வேலை. லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஒருவர், கீழே கதவருகில் ஒருவர். அவருக்கு ஜோடி நான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை 'சீனியர்' என்றே கூப்பிட்டுப் பழகியதில், அவர் கல்யாணப் பத்திரிகையில் என்ன பெயர் போட்டிருந்தார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசர பட்டனை அழுத்தினால் போன் அவரிடம்தான் வரும். உள்ளே இருப்பவர் அலறுவார், சபிப்பார், கதவை உதைப்பார். சீனியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு பதில்தான் சொல்வார்: "இருக்கிற இடத்துலயே உக்காருங்க. கதவத் தொடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்." அந்தக் குரலைக் கேட்டு அடங்காத ஆளே இல்லை. பெரிய பெரிய முதலாளிகள் எல்லாம் குழந்தை மாதிரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஆபத்தே கிடையாது. காற்று வரும், கயிறு அறாது. வெளியே இறங்கப் பார்ப்பவனுக்குத்தான் ஆபத்து. லிஃப்டின் தளத்துக்கும் மாடியின் தரைக்கும் நடுவில் வாய் பிளந்துகொண்டு ஒரு குழி நிற்கும். கால் அதற்குள் போனால் நேராக அடித்தளம்தான். தொழிலுக்கு வந்த புதிதில் சீனியர் அப்படி ஒருவனைக் கீழேயிருந்து அள்ளி எடுத்தாராம். அதன் பிறகு 'உக்காருங்க' என்பது அவருக்குச் சாமி வார்த்தை ஆகிவிட்டது.

போன வருடம் கம்பெனி எங்களை ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனது. காட்டுப் பாதையில் நடை. நடுவழியில் சீனியர் ஒதுங்கப் போனார். போனவர் புதரின் எந்தப் பக்கமாகத் திரும்பினாரோ, பாதை காணாமல் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் கத்திக்கொண்டே ஓடியிருப்பார்கள், இல்லை தண்ணீர் ஓடும் பக்கமாக இறங்கியிருப்பார்கள். அவரோ முதுகுப் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட்காரனைத் தவிர வேறு எவன் இப்படிச் செய்வான்?

தொலைந்தவர்கள் எல்லாரும் கீழேதான் இறங்குவார்கள் என்று, தேடப் போனவர்கள் ஓடையை ஒட்டிக் கீழேயே தேடினார்கள். இவர் மேலே உட்கார்ந்திருந்தார். மறுநாள் எங்கோ விசில் சத்தம் கேட்டதாம். எழுந்து கொஞ்ச தூரம் போயிருக்கிறார். பிறகு திரும்பி வந்து அதே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "நடுவுல இறங்குறவன்தான்டா சாவான்னு தோணிச்சு" என்றார் என்னிடம். அரை பாக்கெட் பிஸ்கட்டும், டிபன் டப்பா மூடியில் பிடித்த மழைத் தண்ணீரும்தான் சாப்பாடு. குளிரில் கால் விரல்கள் மரத்துப் போயின. நாலு ராத்திரி கழித்து, காய்ந்த புல்லை வெட்ட வந்த காட்டிலாகா கூலியாள் ஒருவர் அவரைப் பார்த்தார். சீனியர் தலை நிமிர்ந்து, "வந்துட்டீங்களா?" என்று கேட்டாராம்.

ஆஸ்பத்திரி வாசலில் மைக்குகள் காத்திருந்தன. என்ன மிருகம் வந்தது என்று கேட்டார்கள். "ஒரு அணில் வந்துச்சு" என்றார். எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்டார்கள். "உக்காந்திருந்தேன்" என்றார். மைக் பிடித்த பெண்ணின் முகம், சாப்பாட்டில் உப்பில்லை என்று கண்டுபிடித்தவள் முகம் போல ஆனது. பக்கத்தில் நின்ற காட்டிலாகா அதிகாரி சும்மா இருந்திருக்கலாம். "ரோடு அங்கேருந்து கால்மணி நேர நடைதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தார். நல்லது. பைத்தியக்காரன் கையில் கல்லைக் கொடுத்தாயிற்று.

அன்று சாயங்காலமே அவருக்கு 'கால்மணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் வைத்தது என்று தெரியாது. இந்த மாதிரி வேலைக்கு மட்டும் நம் ஆட்களுக்கு ஒற்றுமை வந்துவிடும். அவர் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் நான் படித்தேன். 'பெண்டாட்டி தொல்லை தாங்காமல் நாலு நாள் லீவு எடுத்திருப்பார்.' 'சட்டையைப் பாருங்க, இஸ்திரி கூடக் கலையலை, நாடகம்.' 'இந்தச் சோம்பேறியைத் தேட நம்ம வரிப்பணமா?' ஒருவன், 'அணிலாவது எழுந்து நடந்துச்சு' என்று எழுதியிருந்தான். அதற்கு ஆயிரக்கணக்கானோர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வெளியே வாங்கிய அடி போதாதென்று வீட்டிலும் விழுந்தது. அவர் மனைவி ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். அந்த நாலு நாளும் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடந்தவர்தான். ஆனால் கடையில் கூட வேலை பார்க்கும் பெண்கள், "அக்கா, அண்ணன் வீட்டுலயாவது எழுந்து நடப்பாரா?" என்று கேட்டுச் சிரித்த அன்று, வந்து கைப்பையை வீசிவிட்டுச் சொன்னார்: "ஒரு கால்மணி நேரம் நடந்திருக்கக் கூடாதா நீங்க? செத்திருந்தாலாவது ஊரு நமக்காக அழுதிருக்கும்." நான் அப்போது கூடத்தில் அவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.  சீனியர் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். நான்தான் பாதியில் எழுந்துவிட்டேன்.

வேலையிலும் கை வைத்தார்கள். மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் போனில் 'உக்காருங்க' என்றால், "யாரு, கால்மணியா?" என்று உள்ளே இருந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் அவர் பேச்சைக் கேட்காமல் கதவை நெம்பினார்கள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "இனிமே போனை நீங்க எடுக்க வேணாம். உங்க பேச்ச யாரும் மதிக்கறதில்ல. இன்னும் ஒரு புகார் வந்தா நீங்களே கௌரவமா வீட்டுக்குப் போயிடுங்க" என்றார். சீனியர் போனை மேசையில் வைத்துவிட்டு வந்தார். சம்பளம் குறையவில்லை. ஆனால் அந்த மனுஷனிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பேச்சுதான். அதைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அதன் பிறகு அவர் நினைப்பாக இருந்தது.

சிரிக்காத ஒரே ஆள், நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் நாலாவது மாடியில் இருந்த நர்ஸ். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவோடு தனியாக இருந்தார். நாங்கள் போகும்போதெல்லாம் சீனியரைப் படியில் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, மரத்த விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்ப்பார். "இப்ப வலிக்குதாண்ணே? வலிச்சா நல்லது." ஒரு நாள், "நானா இருந்தா பயத்துல ஓடி எங்கயாவது விழுந்து செத்திருப்பேன். நீங்க உக்காந்ததுதான்ணே சரி" என்றார். சீனியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கட்டிடத்திலேயே மூன்றாவது மாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இருந்தார். எங்களைப் பார்த்தாலே செல்போனைத் தூக்குவார். "கால்மணி வந்தாச்சு! லிஃப்டுக்குள்ள பாய் தலகாணி எல்லாம் போட்டு வெச்சிருக்கோம்" என்பார். சீனியர் சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வது?

ஒரு நாள் காலை நாங்கள் அங்கே வேறு வேலையாகப் போயிருந்தபோது மின்சாரம் போய்ப் போய் வந்து, லிஃப்ட் நடுவில் நின்றது. உள்ளே அந்த நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பியவர். லிஃப்டின் தளம் இரண்டாவது மாடித் தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் தொங்கியது. மோட்டார் அறைக்குப் போய், கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைத் தரைக்குச் சமமாக இறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அறைச் சாவி காவலாளியிடம். காவலாளி குழாய்ச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். "நீ ஓடு, சாவிய வாங்கிட்டு வா. நான் சிஸ்டரப் பாத்துக்கறேன்" என்றார் சீனியர். நான் ஓடினேன்.

பிறகு நடந்ததை இரண்டாவது மாடிக்கார அம்மா அழுதுகொண்டே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சீனியர் வெளிக்கதவைத் திறந்து, உள்கதவையும் விலக்கி, அண்ணாந்து பார்த்திருக்கிறார். நர்ஸ் தரையில் சம்மணம் போட்டிருந்தார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே உக்காந்துட்டேன்ணே" என்று சிரித்தாராம். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. செயலாளர் செல்போனோடு முன்னால் வந்து நின்றார்.

"என்ன கால்மணி, இவங்களையும் நாலு நாள் உக்கார வைக்கப் போறீங்களா?"

"சாவி வந்துட்டே இருக்கு சார்."

"வரும் வரும். யாராவது அரை பாக்கெட் பிஸ்கட் கொண்டாங்கப்பா!" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஆளுயரம் கூட இல்ல, பிடிச்சு இறக்க மாட்டாரா?" என்றார் ஒருவர். "அவருக்கு உக்காரத்தானே தெரியும்" என்றார் இன்னொருவர். செயலாளர் மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி மேனேஜரின் குரல் வந்தது: "என்ன சீனியர், மறுபடியுமா?"

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சீனியர் அம்மி இல்லை, மனுஷன்.

"இல்ல சிஸ்டர், வாங்க. மெதுவா இறங்குங்க. நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

நர்ஸ் உடனே எழவில்லை. "எனக்கு அவசரமில்லண்ணே. டியூட்டிக்கு லேட்டானா ஆகட்டும். நான் உக்காந்திருக்கேனே?"

"வாங்க. ஒண்ணும் ஆகாது."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றபடி அவர் குப்புறப் படுத்து, முதலில் காலைக் கீழே விட்டார். கூட்டம் கை தட்டியது. காட்டிலிருந்து வந்த பிறகு சீனியருக்காக ஊர் கை தட்டியது அதுதான் முதல் தடவை. தொங்கிய கால்கள் மாடித் தரையைத் தேடி உள்பக்கமாக ஆடின. உள்பக்கம் தரை இல்லை, குழிதான். உடம்பு முழுக்க அந்தப் பக்கமே வழுக்கிக்கொண்டு போனது. சீனியர் எட்டிப் பிடித்தார். அவர் கையில் மிஞ்சியது கிழிந்த சட்டைக்கை மட்டும்தான்.

நான் சாவியோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சீனியர் குழியின் விளிம்பில் குனிந்து நின்று "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே நாலாவது மாடியில் வயசானவர் ஒருவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மகள் கிளம்பிப் போய்விட்டாளா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டிருப்பார். முதலில் வாய் திறந்தவர் செயலாளர். "உக்காருன்னு சொல்லியிருக்க வேணாமாய்யா? இத்தன வருஷ அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கையில் இருந்த சாவியால் அந்த வாயைக் கிழித்திருக்க வேண்டும் நான். செய்யவில்லை.

செயலாளர் அந்த வீடியோவை ஊருக்கு அனுப்பினார். பிஸ்கட், சிரிப்பு, மேனேஜரின் போன் எதுவும் அதில் இல்லை. 'இல்ல சிஸ்டர், வாங்க' என்ற இடத்திலிருந்துதான் ஆரம்பம். சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் சீனியரோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் உங்களை அவசரப்படுத்தினார்களா என்று கேட்டதற்கு, "இல்ல சார், நானாத்தான் வரச் சொன்னேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். சாட்சிக்கு வந்திருந்த மாடிக்காரர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு என் செல்போனைக் கேட்டு வாங்கி, வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். 'பாவம் அந்தப் பொண்ணு. சும்மா உக்காந்திருந்தா பொழச்சிருக்கும்' என்று எவனோ எழுதியிருந்தான்.

"இவங்க சரியாத்தான்டா சொல்றாங்க" என்றார் சீனியர்.