கபீர் பாயின் தகரக் குடோன்

எங்கள் தெருவில் எந்தத் தீயையும் முழுசாக எரியவிட மாட்டார்கள். ராஜபாளையத்துப் பஞ்சு மில்களில் வேலை பார்க்கிறவர்கள் குடியிருக்கும் தெரு அது. பஞ்சு கருகும் வாடை மூக்கில் பட்டால் போதும், கை தானாகக் குடத்தைத் தேடும். இந்தத் தெருவில் இருந்துகொண்டுதான் அகமது கபீர் தீயை வைத்து ஆராய்ச்சி செய்தார். மனுஷனுக்கு வேறு தெருவே கிடைக்கவில்லை!

கபீர் பாய் வீட்டு பிளான் வரைந்து பிழைத்த இன்ஜினியர். தொண்ணூற்றொன்றில் மில் முதலாளி சோலைராஜ், சோழபுரம் ரோட்டில் பஞ்சுக் குடோன் கட்டும் வேலையை அவரிடம் கொடுத்தார். இந்தக் கோடியில் கூப்பிட்டால் அந்தக் கோடிக்குக் கேட்காது, அம்புட்டு நீளம். கூரையைத் தாங்க இரும்பு உத்தரங்கள். தீயின் சூடு இரும்பில் ஏறாமல் இருக்க, அவற்றில் கம்பிவலை சுற்றி சிமெண்ட் பூச வேண்டும் என்றார் பாய்.

"தீ இந்தக் கோடியில பிடிச்சா அந்தக் கோடிக்கு வர நேரமாகும்லா? அதுக்குள்ள நம்ம ஆளுக பஞ்சுப் பேல வெளிய உருட்டிருவானுக. எதுக்கு வீண் செலவு?" என்றார் முதலாளி.

பாய்க்கோ தீயின் போக்கு தெரியும். பெரிய கட்டடத்தில் தீ ஒரே இடத்தில் இருக்காது. தின்றுகொண்டே நகரும். ஆனால் அதன் சூடான புகை கூரையை ஒட்டி முன்னால் ஓடிவிடும். தீ வருவதற்கு முன்பே தூரத்து இரும்பு தளர்ந்துவிடும். அதற்கு அடியில்தான் ஆட்கள் நிதானமாகப் பேல் பேலாகப் பஞ்சுப் பொதிகளை உருட்டிக்கொண்டிருப்பார்கள். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அடுத்த வாரம் கூரை ஏற்றப் போகிறார்கள்.

அதனால் எண்ணெய் டின்களை வெட்டி, ஆள் நீளத்துக்கு ஒரு தகரக் குடோன் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரேடியோ கடையில் ஈயக்கம்பி வாங்கி உத்தரங்களாக மாட்டினார். பெரிய தீக்கு இரும்பு எப்படியோ, சின்னத் தீக்கு ஈயம் அப்படி. வேஸ்ட் பஞ்சைக் குட்டிப் பேல்களாகக் கட்டி அடுக்கி, ஒரு கோடியில் தீ வைத்தார்.

தீ நாலு பேல்கூடத் தாண்டவில்லை. எதிர்வீட்டு அங்காளம்மாள் அக்கா ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார்.

"என்ன பாய், வாசல்ல தீயப் போட்டுட்டு வேடிக்க பாத்துட்டு நிக்கீக?"

மறுநாள் மொட்டைமாடியில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ரப்பர் குழாயைத் திருப்பினார். அடுத்த தடவை கதவைப் பூட்டிக்கொண்டு கொல்லையில் வைத்தார். சுவரேறிக் குதித்தது யார்? அதே அங்காளம்மாள் அக்காதான், குடத்தோடு! பாயின் மனைவி நசீமா விழுந்து விழுந்து சிரித்தார். பாய் அழாத குறை.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரர் எங்க பேல் தூக்குதாரு?" என்று கேட்டார் பாய்.

"சோலைராஜ் மொதலாளி மில்லுலதான். புதுக் குடோனுக்கு மாத்தப் போறாகளாம்."

பாய் எல்லாவற்றையும் விளக்கினார். அக்காவின் முகம் மாறியது.

"நல்லாப் பத்த வையுங்க பாய். எவன் தண்ணியோட வாரான்னு பாக்கேன்."

பாய் கூப்பிட்டதன் பேரில் ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்து, பாய் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவே கூடிவிட்டது. அக்கா எல்லார் குடங்களையும் பிடுங்கித் தன் பின்னால் வரிசையாக வைத்து, முந்தானையைக் கடித்துக்கொண்டு காவல் நின்றார்.

பாய் ஒரு கோடியில் தீ வைத்தார். அது ஒவ்வொரு பேலாகத் தின்று நகர்ந்தது. பாதி தூரம்கூட வரவில்லை, அதற்குள் மறுகோடியில் ஈயக்கம்பி ஒன்று தொய்ந்தது. பிறகு இன்னொன்று. சிமெண்டுக்குப் பதிலாகப் பாய் களிமண் பூசியிருந்த கம்பி மட்டும் நேராக நின்றது. தீயே எட்டாத இடத்தில் கூரைத் தகரம் மடங்கி விழுந்தது.

"ஏலே, அது என் குடோன்!"

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, அக்காவின் பின்னால் இருந்த குடத்தைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் கரியும் தண்ணீருமாக நின்றார்.

"மொதலாளி, தீ இன்னும் அந்தப் பக்கம் போகவே இல்லையே. எதுக்கு ஊத்துனீக?" என்றார் பாய்.

முதலாளி மடங்கிக் கிடந்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூரைய பொறவு ஏத்திக்கிடலாம்," என்றார். "மொதல்ல இரும்ப மூடுங்க."

தெரு முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"பாத்தீகளா பாய், இந்தத் தடவ நான் ஊத்தல," என்று சொல்லிவிட்டு, முதலாளி கவிழ்த்த வெறும் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.