மாமா தேர்ந்தெடுத்த ஹார்ட் டிஸ்க்

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எனக்குக் கேமிங் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்தது. வாய்ப்பாடு கேட்டால் திணறுவேன். கிராபிக்ஸ் கார்டுகளின் பெயர்களைக் கேட்டால் வரிசையாக ஒப்பிப்பேன். வகுப்புப் பெண்களுக்கு அது புரியவில்லை. பையன்கள் நம்பவில்லை. நம்பியவர் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பூர் நல்லூரில் அப்பா நடத்திய டி-சர்ட் பிரிண்டிங் யூனிட்டில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவர் கையில்தான். ஆர்டர் கொடுக்கும் எந்த வெளிநாட்டுப் பையருக்கு எந்தப் படம், என்ன நிறம் என்பதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அப்பாவுக்கு மவுஸைத் தொடவே கூச்சம்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது மாமாவே பேச்சை எடுத்தார். ரெடிமேடாக வாங்கினால் கடைக்காரன் ஏமாற்றிவிடுவான், பாகம் பாகமாக வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம், பாப்பா படிப்புக்கும் ஆகும் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு யோசிக்கத் தெரியாது.

மாமாவின் பைக்கில் கோயமுத்தூர் போனோம். கிராபிக்ஸ் கார்டை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். இரண்டு விசிறி வைத்த கார்டு போதும் என்று எனக்கே தெரியும். ஆனால் மூன்று விசிறியோடு, ஓரத்தில் நிறம் மாறி மாறி எரியும் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதைக் காட்டினேன். நாங்கள் எடுத்துவைத்த கேபினெட்டில் அது நுழையாது என்று கடைக்காரர் தயங்கினார். பெரிய கேபினெட்டாகவே கொடுங்கள், பிள்ளை ஆசைப்படுகிறது என்றார் மாமா. என்னைவிட அதிர்ஷ்டசாலி திருப்பூரில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆளாக இருந்தார். எஸ்எஸ்டி இருந்தால் போதும், கேம் சட்டென்று திறக்கும் என்றேன். கடைக்காரரும் என் பக்கம்தான் பேசினார். மாமா காதில் வாங்கவில்லை. கடையில் இருப்பதிலேயே பெரிய ஹார்ட் டிஸ்க் எது என்று கேட்டு, அதில் இரண்டு வாங்கினார்.

"வேகத்த வெச்சு என்ன பண்றது கண்ணு? வெக்கறக்கு எடம் வேணுமில்ல?"

இரண்டு எதற்கு என்றதற்கு, ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று என்றார். என் முகம் வாடியதைப் பார்த்து, சின்னதாக ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் கரண்ட் போய்ப் போய் வரும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை யூனிட் ஆபீஸில் வைத்து மாட்டுவதாக ஏற்பாடு. பென் டிரைவ் எதையும் ஆபீஸுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். முன்பு வேலை செய்த ஒருவன் டிசைன்களைத் திருடி வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டானாம். அதிலிருந்து வாட்ச்மேன் எல்லார் பையையும் திறந்து பார்ப்பார். அன்று அட்டைப்பெட்டிகளைக் கட்டிப்பிடித்தபடி நான் பைக்கிலிருந்து இறங்கியதும், சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.

கார்டை நானே பொருத்தினேன். மூன்று விசிறிகளும் சுற்றின. ஒரு ஹார்ட் டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் மாட்டிய மாமா, இன்னொன்றை ஒயர் போட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரோடு சேர்த்தார். ஆபீஸ் நெட்தான் வேகம், அதில் கேம் இறக்கித் தருகிறேன் என்றார். திரையில் ஒரு பச்சைப் பட்டை ஊர்ந்தது.

"இது முடியற வரைக்கும் பாத்துக்கோ. ஆரையும் தொட உடாதே கண்ணு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அப்பா வந்தார். கேம் ஏறிக்கொண்டிருக்கிறது, கிட்டே வரக் கூடாது என்றேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் சந்நிதியில் நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு எங்களுக்குப் புரோட்டா வாங்கிவர ஆளை அனுப்பினார்.

தீபாவளிக்குப் பிறகு மாமா வேலைக்கு வருவது நின்றது. திருப்பூரிலேயே நெருப்பெரிச்சல் பகுதியில் சொந்தமாக யூனிட் திறந்தார். பெரிய பையர் முதலில் அங்கே போனார், பின்னாலேயே மற்றவர்கள். அப்பா காசு கொடுத்து வரையவைத்த படங்களே, அதே நிறங்களில், குறைந்த விலைக்கு அங்கே அச்சாகின. அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் எங்கள் மிஷின்கள் லாரி ஏறின. அப்பா இன்னொருவர் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். அம்மா சோறு போடும்போது அப்பாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். எனக்கு மாமாவை நினைத்துத்தான் வருத்தம். அவர் எங்களோடு இருந்திருந்தால் கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் ராம் மெமரி போட்டுக் கொடுத்திருப்பார்.

ஒரு சாயங்காலம் நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"அன்னைக்கு ஆபீஸ்ல மாமன் ரெண்டு டிஸ்க்கா கொண்டாந்தாப்ல கண்ணு?"

"ஆமாங்கப்பா. ஒண்ணு இதுல இருக்குது. இன்னொண்ணு மாமா எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"நீ கூடவேதான் இருந்தியா?"

"நாந்தான் பாத்துக்கிட்டேன். ஒருத்தரும் தொடலீங்க."

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஹார்ட் டிஸ்க் என்றால் என்ன, எஸ்எஸ்டி என்றால் என்ன, எது வேகம், எதில் நிறைய அடங்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிக் காப்பி செய்வது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"நெம்ப நல்லாச் சொன்னே சாமி" என்று என் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அப்பாவுக்கும் கம்ப்யூட்டரில் ஆர்வம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.