வாங்கியவர் எடுத்துப் போகாத ஸ்டூல்

பெரம்பலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்களுக்கு நான்தான் மேற்பார்வை. ஒருத்திக்கு வேலை கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் இன்னொருத்தி வேலையை விட்டு நின்றுவிடுவாள். நாள் முழுக்க நின்றபடியே வேலை. உட்காரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். குரும்பலூர் செல்வி பில் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "கால் வீங்கிப் போச்சுக்கா. நாளையிலேருந்து வரமாட்டேன்."

வரிசையில் நின்ற ஓர் அம்மாள் அதைக் கேட்டுவிட்டார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து பில் போடச் சொன்னார். பணம் கொடுத்ததும் அதைச் செல்வியின் பின்னால் வைத்தார்.

"உக்காரும்மா. இது என் ஸ்டூலு. இங்கயேதான் கெடக்கும்."

செல்வி உட்கார்ந்தாள். முதலாளி வேகமாக வந்தார். "யாரு உக்காரச் சொன்னது?"

"நான்தாங்க," என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இந்தப் பொண்ணும் நின்னுட்டா நாளைக்கு நீங்கதான் பில் போடணும்."

"போடட்டும், பாப்போம்," என்றார் அந்த அம்மாள். வரிசையே சிரித்தது. கடைசியில் முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் செல்வி வந்தாள். அந்த வாரமே எல்லாக் கவுன்டருக்கும் ஸ்டூல் வந்தது. வாசலில் எந்நேரமும் தொங்கிய 'ஆட்கள் தேவை' அட்டையை நானே கழற்றினேன். இந்தக் காலத்துப் பெண்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உட்கார இடம் கிடைத்ததும் எல்லோரும் நிலைத்துவிட்டார்கள்.