சில்லு இல்லாததற்குத் தேசிக்காய்

சுவிஸில் லாங்கன்தாலுக்கு வெளியே, புல்வெளி விமானத்திடலில் சிவா அண்ணை, அவருக்குப் பறக்கப் பழக்குகிற சுவிஸ்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான், மூவரும் நிற்கிறோம். அண்ணையின் மனைவி சுகந்தி அக்கா வரவில்லை. "பார்க்க எனக்கு ஏலாது" என்று கண்ணூறு படாமலிருக்க நான்கு தேசிக்காய்களை, அதுதான் எலுமிச்சங்காய்களை, என்னிடம் தந்துவிட்டார்.

பெட்டிகளில் வந்த பாகங்களை அண்ணை ஐந்து வருடமாகக் கராஜில் பொருத்திச் செய்த ஒற்றை இருக்கை ஹெலிகொப்டர், இன்றுதான் முதன்முதலாக எழும்பப் போகிறது.

"தம்பி, தேசிக்காயை வை."

"காருக்கெண்டால் சில்லு உருண்டு நசிக்கும். இதுக்குச் சில்லு இல்லையே, அண்ணை?"

"ரெண்டு கால் இருக்குத்தானே. முன்னாலையும் பின்னாலையும் வை. அக்கா கேட்பா."

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போய்ப் பௌதிகவியல் படித்த நான் குனிந்து வைக்கிறேன். சுவிஸ்காரர் காற்றின் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணை ஏறி இயக்க, ஹெலிகொப்டர் ஒரு சாண் எழும்புகிறது. அதன் காற்று தேசிக்காய்களைத் தூக்கி எறிகிறது. ஒன்று வால் விசிறியில் பட்டுச் சிதற, ஹெலிகொப்டர் அரைவட்டம் சுழன்று புல்லில் குந்துகிறது.

அண்ணை இறங்கி, வெடித்த விசிறியைத் தடவிப் பார்க்கிறார்.

"எழும்பினதோ?"

"ஓம் அண்ணை. ஒரு சாண்."

"அக்காவுக்கு அதை மட்டும் சொல்லு."

தேசிக்காய் நான்கும் மூன்று பிராங்க். புது வால் விசிறி இரண்டாயிரத்து நானூறு.